இந்தியா உலகத்திலேயே 4-வது சமத்துவமான நாடாம்! ஆசியக் குடும்ப வருமானக் கணக்கை எப்படிப் படிப்பது?

#1 சாலமரம்

கொஞ்ச நாளாக மண்டையைக் குடையும் விஷயம். 2025 ஜூலையில் ஒரு செய்தி சுற்றியது. உலக வங்கிக் கணக்குப்படி இந்தியாவின் ஜினி எண் 25.5, எனவே சமத்துவத்தில் உலகிலேயே நான்காவது இடம் என்று. (ஜினி தெரியாதவர்களுக்கு: எல்லோருக்கும் ஒரே அளவு கிடைத்தால் 0, மொத்தமும் ஒருத்தர் மடியில் விழுந்தால் 100. சிலர் இதையே 0.255 என்று எழுதுவார்கள்.)

அதற்கு முந்தைய வருஷம், 2024 மார்ச்சில், உலக ஏற்றத்தாழ்வு ஆய்வகம் ஒரு அறிக்கை விட்டது. 2022-23-ல் இந்தியாவின் மேல்மட்ட 1 சதவீதம் பேர் நாட்டு வருமானத்தில் 22.6 சதவீதத்தையும் சொத்தில் 40.1 சதவீதத்தையும் வைத்திருக்கிறார்கள் என்றது. ரெண்டும் கிட்டத்தட்ட அதே வருஷத்துக் கணக்கு. யார் புளுகுகிறார்கள்?

கூடவே இன்னொன்று. ஆசியாவில் எந்த நாடாவது வளரவும் செய்து, பெரிய ஏற்றத்தாழ்வு இல்லாமலும் இருந்திருக்கிறதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். கட்சிச் சண்டை வேண்டாம்.

#2 உப்புக்காற்று

யாரும் புளுகவில்லை நண்பரே. முதல் எண் செலவுக் கணக்கு, ரெண்டாவது வருமானக் கணக்கு.

மாதம் 15,000 சம்பாதிக்கிறவர் 15,000-ஐயும் செலவழித்துவிட்டு மேலே கைமாற்றும் வாங்குவார். 15 லட்சம் சம்பாதிக்கிறவர் எவ்வளவுதான் தின்பார், உடுத்துவார்? மிச்சம் மனைக்கும் பங்குக்கும் வைப்புநிதிக்கும் போகும். செலவுக் கணக்கில் அந்த மிச்சம் கண்ணிலேயே படாது. அதனால் செலவை வைத்துப் போட்ட ஜினி பொதுவாகக் குறைவாகத்தான் வரும்.

நல்ல உதாரணம் பங்களாதேஷ். அவர்களுடைய 2022 கணக்கெடுப்பில் அதே வீடுகளிடம் ரெண்டையும் கேட்டார்கள். வருமான ஜினி 0.499, செலவு ஜினி 0.334. ஒரே நாடு, ஒரே வருஷம், ஒரே வீடுகள். ஒன்றைப் பார்த்தால் ஆபத்தான நாடு, இன்னொன்றைப் பார்த்தால் பரவாயில்லாத நாடு.

இந்தியா, இந்தோனேசியா, வியட்நாமுக்கு உலக வங்கிப் பட்டியலில் இருப்பது செலவு. மலேசியாவுக்கும் பெரும்பாலான பணக்கார நாடுகளுக்கும் வருமானம். ரெண்டையும் ஒரே வரிசையில் நிறுத்தி ரேங்க் போட்டால் நான்காவது இடம் கிடைக்கத்தான் செய்யும்.

#3 படிவம்ஏழு

பல வருஷம் மாதிரிக் கணக்கெடுப்பில் களப்பணி பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். ஏன் வருமானத்தை விட்டுச் செலவைக் கேட்கிறோம் என்று எல்லோரும் சந்தேகமாகப் பார்ப்பார்கள். சதி எல்லாம் ஒன்றும் இல்லை. வருமானம் கேட்டால் பதில் வராது, அவ்வளவுதான்.

ஒரு விவசாயியிடம் "மாச வருமானம் எவ்வளவுங்க?" என்று கேட்டேன். "எந்த மாசம்?" என்றார். அதற்கு மேல் நான் என்ன எழுதுவது? தை மாசம் நெல் விற்ற காசு வந்தது. அதில் பாதி ஆடியில் வாங்கிய கடனுக்குப் போனது. ஆட்டுக்குட்டி ரெண்டு விற்றார். மகன் வெளியூரிலிருந்து அனுப்பினான், அது வருமானமா, குடும்பப் பணமா? வீட்டுக்கென்று எடுத்து வைத்த பத்து மூட்டை நெல்லுக்கு என்ன விலை போடுவது? பெட்டிக்கடைக்காரர் இன்னும் தமாஷ். "கல்லாவுல இருந்து எடுப்போம், கல்லாவுல போடுவோம் சார்" என்றார். உண்மையைத்தான் சொன்னார்.

அதே வீட்டு அம்மாவிடம் போன வாரம் எண்ணெய் எவ்வளவு, காய்கறி எவ்வளவு என்று கேட்டுப் பாருங்கள். கிராம் கணக்கில் வரும். அதனால்தான் எண்ணெய், காய்கறி, மீன், முட்டை மாதிரிச் சாமான்களுக்குக் கடந்த 7 நாள், அரிசி பருப்புக்கு 30 நாள், துணிமணி, படிப்பு, பாத்திரபண்டத்துக்கு ஒரு வருஷம் என்று பிரித்துக் கேட்போம். 2022-23-ல் ஒரே வீட்டுக்கு மூன்று தடவை போய்க் கேட்கும்படி மாற்றினார்கள். முன்பெல்லாம் ஒரே மூச்சில் கேட்டு முடிப்பது. பாதியில் அந்த அம்மா அடுப்பைப் பார்க்கப் போய்விடுவார். முறை மாறியதால் 2011-12-ஓடு நேருக்கு நேர் ஒப்பிடும்போது கொஞ்சம் நிதானம் வேண்டும். நடுவில் 2017-18-ல் எடுத்த கணக்கெடுப்பை அரசு வெளியிடவே இல்லை, தரம் சரியில்லை என்று ஒதுக்கியது. பதினோரு வருஷம் இடைவெளி.

இன்னொரு பக்கமும் உண்டு. ஏழை வீட்டில் பாய் விரித்து உட்காரச் சொல்லி மோர் கொடுப்பார்கள். பெரிய அடுக்குமாடி வளாகத்தில் வாட்ச்மேனைத் தாண்டுவதற்குள் வெயில் ஏறிவிடும். உள்ளே போனால் "ஐயா ஊரில் இல்லை". அந்த வீட்டுக்குப் பதிலாக வேறு வீடு எடுப்போம். மேல்தட்டு இப்படித்தான் கணக்கிலிருந்து நழுவுகிறது. எந்த நாட்டு சர்வேக்கும் உள்ள வியாதி இது. ஏற்றத்தாழ்வு ஆய்வகத்துக்காரர்கள் வருமான வரித் தரவை எடுத்து ஒட்டுப்போடுவது இந்த ஓட்டையை அடைக்கத்தான். அவர்கள் ஒட்டும் முறையிலும் நிறைய ஊகம் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன்.

#4 சாலமரம்

அருமை சார். அப்படியானால் இந்தியாவில் வருமானத்தை அளந்ததே இல்லையா?

#5 படிவம்ஏழு

முயற்சி நடந்திருக்கிறது. 1950-களிலும் 60-களிலும் சில சுற்றுகளில் கேட்டுப் பார்த்தார்கள். வந்த வருமானத் தொகை, செலவையும் சேமிப்பையும் கூட்டினால் வருவதைவிடக் குறைவாக இருந்தது. அதாவது எல்லோரும் சம்பாதித்ததைவிட அதிகம் செலவழித்து, அதற்கு மேல் சேமிக்கவும் செய்தார்கள்! 1980-களில் ஒரு வெள்ளோட்டம் விட்டுவிட்டு மூட்டை கட்டினார்கள்.

அரசுக்கு வெளியே இந்திய மனித மேம்பாட்டு ஆய்வு என்று ஒன்று 2004-05, 2011-12 ரெண்டு தடவை வருமானத்தை விரிவாகக் கேட்டது. அதில் வருமான ஜினி 0.5-ஐத் தாண்டியது. இப்போது 2026-ல் நாடு தழுவிய வருமானக் கணக்கெடுப்பு நடத்துவதாகப் புள்ளியியல் அமைச்சகம் 2025-ல் அறிவித்தது.

#6 பினாங்குப்பாலம்

மலேசியாவிலிருந்து ஒரு கதை. இங்க வருமானக் கணக்கெடுப்புப் பழைய சங்கதி. குடும்பங்களைக் கீழ் 40 சதவீதம் (B40), நடு 40 சதவீதம் (M40), மேல் 20 சதவீதம் (T20) என்று பிரிப்பது டீக்கடைப் பேச்சுவரைக்கும் வந்துவிட்டது. "நான் பி நாற்பது லா" என்று சொல்லிக்கொள்வார்கள். 2019-ல் மாத வருமானம் 4,850 வெள்ளிக்குக் (ரிங்கிட்) கீழே இருந்தால் அந்த வகை.

ஆனால் அளப்பதில் இங்கேயும் கூத்து நடந்தது. 2016-ல் ஏழ்மை வெறும் 0.4 சதவீதம் என்று அரசு சொன்னது. ஒரு குடும்பத்துக்கு மாதம் சுமார் 980 வெள்ளி என்பதுதான் கோடு. கோலாலம்பூரில் அந்தக் காசில் ஒரு குடும்பம் ஒரு மாதம் ஓட்டுவதை நினைத்துப் பாருங்கள். 2019 ஆகஸ்டில் ஐநா சிறப்பு அறிக்கையாளர் பிலிப் ஆல்ஸ்டன் வந்து பார்த்துவிட்டு இந்தக் கோடு நம்பும்படி இல்லை என்றார். முதலில் அரசுக்குக் கோபம். அடுத்த வருஷம் கோட்டை 2,208 வெள்ளிக்கு உயர்த்தினார்கள். உடனே 2019-ன் ஏழ்மை 5.6 சதவீதம் ஆனது. ஒரு ஆள்கூடப் புதிதாக ஏழையாகவில்லை. காகிதத்தில் மறைந்திருந்தவர்கள் வெளியே வந்தார்கள்.

ஏற்றத்தாழ்வு குறைந்ததும் உண்மைதான். 1969 மே 13 கலவரத்துக்குப் பிறகு 1971-ல் புதிய பொருளாதாரக் கொள்கை வந்தது. 1970-ல் ஜினி 0.513, 2022-ல் 0.404. ஆனால் அந்தக் கொள்கையின் அட்டவணையில் கட்டங்கள் எல்லாம் இனவாரி: மலாய், சீனர், இந்தியர். இந்தியர் கட்டத்துக்குள்ளே டாக்டரும் வக்கீலும் ரப்பர் தோட்டம் துண்டாடப்பட்டபோது வெளியேறிய பால்மரம் வெட்டும் தொழிலாளியும் ஒன்றாக உட்கார்ந்திருந்தார்கள். சராசரி எடுத்தால் இந்தியர் நிலைமை சுமாராகத் தெரியும். தோட்டத்துக்காரர் அந்தச் சராசரிக்குள்ளேயே காணாமல் போனார்.

#7 நேர்கோடு

எல்லாம் சரி. ஆனால் இந்த ஏற்றத்தாழ்வுப் புலம்பலே கொஞ்சம் அதிகம் என்று நினைக்கிறேன். சீனாவைப் பாருங்கள். 1978 டிசம்பரில் அன்ஹுய் மாகாணத்தில் சியாவ்காங் கிராமத்து விவசாயிகள் 18 பேர் கூட்டுப்பண்ணை நிலத்தைத் தங்களுக்குள் ரகசியமாகப் பங்கு போட்டுக்கொண்டார்கள். அங்கிருந்து நாற்பது வருஷத்தில் 80 கோடிக்குக் கிட்டத்தட்ட மக்கள் கொடும் வறுமையிலிருந்து வெளியேறினார்கள். இது உலக வங்கி சொல்லும் கணக்கு. அதே காலத்தில் சீனாவின் ஜினி ஏறி 2008-ல் 0.491 ஆனது. அவர்கள் ஜினியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் இத்தனை பேர் சோறு தின்றிருப்பார்களா?

முதலில் ஏறும், நாடு பணக்காரமானதும் இறங்கும். இதைத்தான் பொருளாதார அறிஞர் குஸ்நெட்ஸ் 1955-லேயே சொன்னார்.

#8 உப்புக்காற்று

» முதலில் ஏறும், நாடு பணக்காரமானதும் இறங்கும்.

குஸ்நெட்ஸ் அதே கட்டுரையில் இன்னொன்றும் சொன்னார்: இதில் 5 சதவீதம்தான் தரவு, 95 சதவீதம் ஊகம், அதிலும் கொஞ்சம் ஆசையின் கறை படிந்திருக்கலாம் என்று. அவரே அடக்கி வாசித்தார். பின்னால் வந்தவர்கள்தான் அதை இயற்கை விதி ஆக்கினார்கள்.

அந்த விதிக்கு அடங்காத முதல் ஆள் தைவான். அங்கே மேல் 20 சதவீதக் குடும்பங்களின் வருமானம் கீழ் 20 சதவீதத்தைப்போல 1964-ல் 5.33 மடங்கு. 1980-ல் 4.17 மடங்காக இறங்கியது. அந்தப் பதினாறு வருஷமும் நாடு குதிரை வேகத்தில் வளர்ந்த காலம். எப்படி? வளர்ச்சிக்கு முன்பே நிலத்தைப் பிரித்துவிட்டார்கள். 1949-ல் குத்தகை விளைச்சலில் 37.5 சதவீதத்துக்கு மேல் வாங்கக்கூடாது என்றார்கள். 1953-ல் உழுபவனுக்கே நிலம். ஜமீன்களுக்கு இழப்பீட்டில் ஒரு பங்கை அரசு சிமென்ட், காகித ஆலைகளின் பங்குகளாகக் கொடுத்தார்கள். நிலக்கிழார் பங்குதாரர் ஆனார். தென்கொரியாவில் 1950-ல், ஒரு குடும்பத்துக்குச் சுமார் 3 ஹெக்டேர் உச்சவரம்பு. போரும் விலைவாசியும் சேர்ந்து ஜமீன்களின் இழப்பீட்டுப் பத்திரங்களைத் தின்றுவிட்டன. ஜப்பானில் அமெரிக்கப் படை ஆட்சியின்போதே முடிந்துவிட்டது.

இதில் ஒரு கசப்பையும் ஒத்துக்கொள்ள வேண்டும். மூன்று இடத்திலும் இதைச் செய்தது உள்ளூர் ஜமீன்களுக்குக் கட்டுப்படாத கை. தைவானில் சியாங் கை-ஷேக் கட்சி சீனாவிலிருந்து வந்து இறங்கிய கட்சி, அந்தத் தீவில் அவர்களுக்கு ஒரு காணி நிலம் கிடையாது. அடுத்தவன் நிலத்தைப் பிரிப்பது சுலபம். நம் தமிழ்நாட்டில் 1961-ல் 30 ஸ்டாண்டர்டு ஏக்கர் என்று உச்சவரம்பு வந்தது, பிறகு 15 ஆனது. சட்டத்தை எழுதிய சபையில் உட்கார்ந்திருந்தவர்கள் யார்? பினாமி என்ற வார்த்தையைக் கிராமத்துக் கிழவிகூடத் தெரிந்துகொண்டதுதான் மிச்சம். பிலிப்பைன்ஸும் இதே கதை. 1972-ல் ஒரு ஆணை, 1988-ல் ஒரு சட்டம், இழுத்துக்கொண்டே போனது.

சீனாவுக்கும் இதே ஆரம்பம்தான். சியாவ்காங்கில் எல்லோரும் கிட்டத்தட்டச் சமமான நிலத்தோடு தொடங்கினார்கள். 80-களின் தொடக்கத்தில் வறுமை வேகமாகக் குறைந்தது அதனால்தான். ஜினி பின்னால் ஏறியதற்கு நகர-கிராமப் பிளவும் ஹூக்கோ என்கிற ஊர்ப்பதிவு முறையும் பெரிய காரணம். கிராமத்தில் பதிவு இருப்பவர் நகரத்தில் பத்து வருஷம் கொத்துவேலை செய்தாலும் பிள்ளைக்கு அங்கே பள்ளிக்கூடத்தில் இடம் கிடைப்பது கஷ்டம். வளர்ச்சி தானாகக் கொண்டுவந்த ஏற்றம் இல்லை அது. சட்டம் போட்டு உண்டாக்கியது.

#9 தேயிலைக்கொழுந்து

இலங்கையில இருந்து எழுதுறன். நீங்கள் கதைக்கிறதை வாசிச்சுக்கொண்டு வந்தன். சராசரி பற்றி அந்த மலேசியா அண்ணா சொன்னது எங்களுக்கு அப்படியே பொருந்தும்.

2019 கணக்கெடுப்பில குடும்பத்தின் சராசரி மாத வருமானம் 76,414 ரூபாய். இடையம் 53,333 தான். இடையம் எண்டால் எல்லாக் குடும்பத்தையும் வரிசையில நிறுத்தினால் நட்டநடுவில நிக்கிற குடும்பம். 23,000 ரூபாய் வித்தியாசம் எங்க இருந்து வந்தது? மேல இருக்கிற கொஞ்சப் பேர் சராசரியை இழுத்து மேல கொண்டுபோயிட்டினம். சராசரியை மட்டும் சொல்லுற அரசியல்வாதியை நம்ப வேண்டாம்.

அதே கணக்கில பெருந்தோட்டத் துறை தனியாக இருக்கு. நகரம் 116,670, கிராமம் 69,517, தோட்டம் 46,865. லயத்தில, அதாவது தோட்டத் தொழிலாளர் இருக்கிற வரிசை வீடுகளில, வீட்டுக்கு ஆக்களும் கூட. அதனால தலைக்கு எவ்வளவு எண்டு பிரிச்சால் இன்னும் கீழ போகும். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எண்டு இலங்கையைத் தெற்காசியாவுக்கே முன்மாதிரியாகச் சொல்லுவினம். அது பொய்யும் இல்லை. ஆனால் தோட்டங்கள் இருக்கிற மலையகத்துக்கு அது பிந்தித்தான் வந்தது. இப்பவும் முழுசா வரயில்லை.

2022-ல என்ன நடந்தது எண்டு உங்களுக்குத் தெரியும். செப்டம்பரில கொழும்பு விலைவாசி 69.8 சதவீதம் ஏறினது. வறுமை ரெண்டு மடங்கானது. ஜினி பெரிசா மாறாமல் இருந்தாலும் இருக்கலாம், எல்லாரும் சேர்ந்து விழுந்தால் ஜினிக்குத் தெரியாது. இதையும் யோசியுங்கோ.

#10 நேர்கோடு

தேயிலைக்கொழுந்து சொன்ன கடைசி வரி என் வாதத்துக்கும் உதவும், எதிராகவும் போகும். யோசிக்கிறேன்.

ஆனால் உப்புக்காற்று, கொரியாவைக் கோயிலாக்க வேண்டாம். அதே கொரியாவில் இன்றைக்கு முதியவர்களில் சுமார் 40 சதவீதம் பேர் நடுக் குடும்ப வருமானத்தில் பாதிக்கும் கீழே வாழ்கிறார்கள். பணக்கார நாடுகளின் கூட்டமைப்பிலேயே மோசமான எண்களில் ஒன்று. தேசிய ஓய்வூதியமே 1988-ல்தான் தொடங்கியது. தொழிற்சாலையைக் கட்டிய தலைமுறைக்குப் பென்ஷன் சேர நேரம் போதவில்லை. பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள் என்று நினைத்தார்கள், பிள்ளைகள் சியோலில் சின்ன வீட்டுக்கு வாடகை கட்டவே திணறுகிறார்கள்.

#11 உப்புக்காற்று

இதை மறுக்கவில்லை. நிலம் பிரித்தது ஒரு தலைமுறைக்குத்தான் காசோலை. தைவானிலும் அந்த 4.17 இப்போது 6 மடங்குக்கு மேலே வந்துவிட்டது. அதில் ஒரு பகுதி கூட்டுக்குடும்பம் உடைந்ததால் வந்தது. தாத்தா பாட்டி தனி வீடாக எண்ணப்படும்போது கீழ் 20 சதவீதத்தில் போய் விழுகிறார்கள்.

#12 வெயில்நதி

இவ்வளவு நேரம் ஒருத்தரும் தொடாத இடம் ஒன்று இருக்கிறது. "குடும்ப வருமானம்" என்று எடுத்து ஆட்களால் வகுத்துவிடுகிறோம். வீட்டுக்குள்ளே எல்லோருக்கும் சமமாகப் போகிறது என்ற நம்பிக்கை அதில் ஒளிந்திருக்கிறது. கடைசியாகச் சாப்பிடுவது யார், மீந்ததைச் சாப்பிடுவது யார் என்று எந்தப் படிவமும் கேட்பதில்லை. 2023-24-ல் இந்தியக் கிராமத்தில் தலைக்கு மாதம் 4,122 ரூபாய், நகரத்தில் 6,996 ரூபாய் செலவு என்கிறார்கள். அந்தத் "தலை" மாமியாருடையதா, மருமகளுடையதா?

பங்களாதேஷில் ஆயத்த ஆடை ஆலைகளுக்குப் பெண்கள் லட்சக்கணக்கில் போனதால் குடும்ப வருமானம் கூடியது என்று எல்லாரும் எழுதுவார்கள். அந்தச் சம்பளம் அவள் கையில் எத்தனை நாள் இருந்தது என்பது வேறு கேள்வி.

நேபாளத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1995-96-ல் வறுமை 42 சதவீதம், 2003-04-ல் 31, 2010-11-ல் 25. அந்தக் காலத்தில் உள்நாட்டுப் போர், பெரிய தொழில் வளர்ச்சி கிடையாது. வளைகுடாவுக்கும் மலேசியாவுக்கும் போனவர்கள் அனுப்பிய காசு முக்கியக் காரணம். இன்றைக்கு அது நாட்டின் உற்பத்தியில் கால்வாசி அளவு. ஆனால் சம்பாதிக்கிறவர் அந்த வீட்டு உறுப்பினராக எண்ணப்படுவதில்லை, அங்கே இல்லையே. காசு கணக்கில் இருக்கிறது, ஆள் கணக்கில் இல்லை.

#13 கல்லாங்பாதை

சிங்கப்பூருக்கும் இதே வார்த்தை பொருந்தும். 2023-ல் குடும்ப வருமான ஜினி 0.433, வரியைக் கழித்து அரசு உதவியைக் கூட்டினால் 0.371 என்று வருஷா வருஷம் அழகாக வெளியிடுகிறார்கள். வரியும் உதவியும் எவ்வளவு வேலை செய்கின்றன என்று பளிச்சென்று தெரிகிறது. பாராட்ட வேண்டிய விஷயம்தான். ஆனால் அது இங்கே வசிப்புரிமை உள்ள குடும்பங்களின் கணக்கு. தங்கும் விடுதியில் இருக்கும் கட்டுமானத் தொழிலாளி அதில் இல்லை. அவர் அனுப்பும் காசு மட்டும் வேறு நாட்டு வீட்டின் கணக்கில் ஏறும்.

#14 நேர்கோடு

சரி, ஒரு படி இறங்குகிறேன். 2012-ல் ஆசிய வளர்ச்சி வங்கியும் இதைத்தான் சொன்னது. ஏற்றத்தாழ்வு ஏறாமல் இருந்திருந்தால் அதே வளர்ச்சியில் இன்னும் 24 கோடிப் பேர் வறுமையிலிருந்து வெளியே வந்திருப்பார்கள் என்று. அந்த எண்ணை வசதியாக மறந்துவிட்டேன். ஆனாலும் வளர்ச்சி இல்லாமல் பங்கிட ஒன்றும் கிடையாது என்பதை விடமாட்டேன்.

#15 சாலமரம்

எல்லாருக்கும் நன்றி. படிவம்ஏழு சார், அந்த வருமானக் கணக்கெடுப்பு முடிவு வெளியானால் நான் முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

#16 படிவம்ஏழு

ஜினியைக் கடைசியாகப் பாருங்கள் தம்பி. முதலில் மொத்த வருமானம் மொத்தச் செலவைவிடக் குறைவாக வந்திருக்கிறதா என்று பாருங்கள். வந்திருந்தால் பழைய வியாதி தீரவில்லை. அடுத்து, வீட்டுக்கு வைத்துக்கொண்ட விளைச்சலுக்கும் சொந்த வீட்டில் குடியிருப்பதற்கும் விலை போட்டார்களா. ரேஷன் அரிசியை எப்படி எழுதினார்கள். வெளியூர்க் காசு எந்தக் கட்டத்தில் போனது. அப்புறம் எத்தனை பணக்கார வீடுகள் கதவு திறந்தன, அதைப் பின்னிணைப்பில் போட்டிருப்பார்கள், யாரும் படிக்க மாட்டார்கள்.

#17 சாலமரம்

நேற்று ராத்திரி சும்மா எங்கள் வீட்டிலேயே கேட்டுப் பார்த்தேன், நம் குடும்ப வருமானம் மாதம் எவ்வளவு என்று. அப்பா ஒரு தொகை சொன்னார். அம்மா அதைவிட ஒன்பதாயிரம் அதிகம் சொன்னார், அது எங்கிருந்து வருகிறது என்று அப்பாவுக்குத் தெரியவில்லை. நான் மனசுக்குள் போட்டிருந்த கணக்கு ரெண்டோடும் ஒத்துவரவில்லை.